படம் பார்த்து வந்த மனநிலையை வசூல் செய்தி கெடுத்த அனுபவம் உங்களுக்கு உண்டா?

மூன்றாம் வரிசை:

பிக்சார் நிறுவனத்தின் அனிமேஷன் படமான எலிமென்டல் வந்த முதல் ஞாயிறு, 2023 ஜூன். கதையை விளக்கப் போவதில்லை, இங்கே இருப்பவர்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கடைசியில் தீயால் ஆன பெண் எம்பர் தன் தந்தையை விழுந்து வணங்க, அவரும் பதிலுக்குக் குனிந்து வணங்குகிறாரே, அந்த இடத்தில் அரங்கத்தில் ஒரு சத்தம் இல்லை. அதுவரை இருக்கையில் ஏறி இறங்கிக்கொண்டிருந்த குழந்தைகள்கூட அசையவில்லை. என் மகள் என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டாள்.

நான் சொல்ல வந்தது மறுநாள் மாலை நடந்தது. தரையில் உட்கார்ந்து எம்பரை வரைந்துகொண்டிருந்தாள். தலையில் எரியும் தீக்கு ஆரஞ்சு வண்ணத்தை அழுத்தித் தேய்த்ததில் மெழுகு பென்சில் இரண்டாக உடைந்துவிட்டது, இருந்தும் விடாமல் துண்டைப் பிடித்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுப் பையன் வந்தான். அவளைவிட நான்கைந்து வயது பெரியவன், கெட்ட பிள்ளை இல்லை. எட்டிப் பார்த்துவிட்டு, “இந்தப் படம் ஓடவில்லையாம். பெரிய நஷ்டமாம். அப்பா சொன்னார்” என்றான். அவ்வளவுதான். அவள் ஒன்றும் கேட்கவில்லை. தாளைக் கவிழ்த்துப் போட்டு, அதன் பின்பக்கத்தில் ஒரு பூனையை வரைய ஆரம்பித்தாள்.

அவன் அப்பா படத்தைப் பார்க்கவில்லை என்பது எனக்குத் தெரியும். வட அமெரிக்காவில் முதல் மூன்று நாள் வசூல் 2.96 கோடி டாலர் என்ற செய்தியைப் படித்திருக்கிறார், அவ்வளவே. அதே படம் பிறகு உலகம் முழுவதும் சேர்த்து 50 கோடி டாலரை நெருங்கியது. தென்கொரியாவில் மட்டும் 70 லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள். இதெல்லாம் அந்தத் தாள் கவிழ்ந்த பிறகு வந்த கணக்கு. உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

டிக்கெட் கவுண்டர்:

நான் திரையரங்கில் வேலை செய்கிறேன். எந்த அரங்கம் என்று சொல்ல வேண்டாம்.

பஸ் இன் பூட்ஸ்: தி லாஸ்ட் விஷ், வாள் வீசும் பூனையின் படம். முதல் வார இறுதி வசூல் வட அமெரிக்காவில் 1.24 கோடி டாலர்தான் என்று செய்தி வந்தது. அந்தச் சனிக்கிழமை கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், அமெரிக்காவில் கடும் பனிப்புயல், ஒரு வாரம் முன்னால் வந்த அவதாரின் இரண்டாம் பாகம் பெரிய திரைகளை எல்லாம் பிடித்து வைத்திருந்தது. இதையெல்லாம் எங்கள் மேலாளர் யோசிக்கவில்லை. எங்கள் கவுண்டரில் என்ன விற்கிறது என்றுகூடப் பார்க்கவில்லை. பகல் காட்சிகளை எடுத்துவிட்டு, இரவுக் காட்சி ஒன்றை மட்டும் விட்டுவைத்தார். குழந்தைகள் படத்துக்கு இரவுக் காட்சி!

அந்த வாரம் ஓர் அம்மா நண்பகலில் ஒரு பையனை அழைத்துக்கொண்டு வந்தார். பையன் கையில் அட்டையில் வெட்டிய வாள், அதன்மேல் வெள்ளித்தாள் சுற்றியிருந்தது. பிடிப் பகுதியில் மட்டும் தாள் சுருங்கிக் கறுத்திருந்தது, பல நாளாகக் கையிலேயே வைத்திருந்திருப்பான். பகல் காட்சி இல்லை என்றேன். “இரவு ஒன்பதரைக்கு இவன் எப்படி விழித்திருப்பான்?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. பையன் வாளை மெதுவாக அம்மாவின் கைப்பைக்குள் செருகப் பார்த்தான். உள்ளே போகவில்லை, பாதி வெளியே நீட்டிக்கொண்டே இருந்தது.

படம் பிறகு வாரக்கணக்கில் ஓடியது, உலக அளவில் 48 கோடி டாலரைத் தாண்டியது. அதற்குள் எங்கள் பெரிய திரையை வேறு படத்துக்குக் கொடுத்தாகிவிட்டது.

கணக்குப்பிள்ளை:

முதல் பதிவு எழுதியவருக்கு: குழந்தையின் வருத்தம் புரிகிறது. ஆனால் கோபத்தை எண்ணின் மேல் காட்டுவதை நான் ஏற்கமாட்டேன். பாதி எண்ணைச் சொன்ன மனிதர்மேல்தான் குறை.

என் அனுபவம் சிறியது. 2025இல் எலியோ வந்த ஞாயிறு மாலை, படம் பாதி ஓடிக்கொண்டிருக்கும்போது எனக்கு முன் வரிசையில் ஒருவர் கைப்பேசியைப் பார்த்தார். 2.08 கோடி டாலர், பிக்சாரின் வரலாற்றிலேயே மிகக் குறைந்த தொடக்கம் என்று மனைவியிடம் படித்துக் காட்டினார். பிறகு “கிளம்பலாமா?” என்றார். எழுந்தார்கள். அவர்களுடைய சிறுமி படிக்கட்டில் பின்பக்கமாகவே நடந்து, திரையைப் பார்த்தபடி வெளியேறினாள்.

இப்போது எண்களை எப்படிப் படிக்க வேண்டும் என்று சொல்கிறேன். இதைத் தெரிந்துகொண்டால் இந்த மனவேதனையில் பாதி குறையும்.

ஞாயிற்றுக்கிழமை வரும் வசூல் முழுக் கணக்கு அல்ல. வெள்ளி, சனி வசூலோடு, ஞாயிறு இவ்வளவு வரும் என்று தயாரிப்பு நிறுவனம் செய்யும் மதிப்பீட்டையும் சேர்த்த தொகை அது. உண்மையான தொகை திங்களன்று வரும். வெள்ளிக்கிழமைக் கணக்கில் வியாழன் இரவுச் சிறப்புக் காட்சிகளும் சேர்ந்திருக்கும். ரசிகர் கூட்டம் முண்டியடிக்கும் படங்களுக்கு வியாழன் பெரிதாக இருக்கும். பள்ளிக்குப் போகும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு யார் வியாழன் இரவு படத்துக்குப் போவார்கள்? ஆகவே குடும்பப் படத்துக்கு வெள்ளியைப் பார்க்காதீர்கள், சனி வெள்ளியைவிட ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து இரண்டாம் வார இறுதியில் எத்தனை சதவீதம் சரிந்தது என்று பாருங்கள். பாதிக்கு மேல் சரிந்தால் பேச்சு சரியில்லை என்று பொருள். மூன்றில் ஒரு பங்குக்குள் நின்றால் பார்த்தவர்கள் மற்றவர்களை அனுப்பிவைக்கிறார்கள் என்று பொருள்.

அமெரிக்காவில் சினிமாஸ்கோர் என்று ஒன்று உண்டு. படம் வெளியான நாளில் பார்த்துவிட்டு வெளியே வருபவர்களிடமே மதிப்பெண் வாங்குவார்கள். எலிமென்டலுக்கு ஏ, எலியோவுக்கும் ஏ. 2022இல் வந்த ஸ்ட்ரேஞ்ச் வேர்ல்டுக்கு பி. அனிமேஷன் படத்துக்கு பி என்றால் குறைவு.

கடைசியாக, மொத்த வசூலை முதல் மூன்று நாள் வசூலால் வகுத்துப் பாருங்கள். பல பெரிய படங்களுக்கு இரண்டரை, மூன்று வரும். எலிமென்டலுக்கு வட அமெரிக்காவில் ஐந்துக்கு மேல் வந்தது. ஆனால் இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். படத்தின் செலவு 20 கோடி டாலர், விளம்பரம் தனி. வசூலில் ஏறத்தாழப் பாதியை அரங்கங்கள் எடுத்துக்கொள்ளும். 50 கோடி என்று கொண்டாடுவதற்கு முன் இதையும் கழித்துக்கொள்ள வேண்டும்.

குழந்தைக்கும் இதைச் சொல்லிக் கொடுக்கலாம். எட்டு வயதுக்கு மேல் வகுத்தல் தெரியும்.

பகல்காட்சி:

கணக்குப்பிள்ளை அவர்களே, அந்தச் சிறுமி பின்பக்கமாக நடந்து போனதை நீங்களே எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே சதவீதம் சொல்லிக் கொடுக்க எப்படி மனம் வந்தது? அவள் அப்பாவுக்கு உங்கள் வகுத்தல் தெரிந்திருந்தாலும் எழுந்துதான் போயிருப்பார். பாதியில் எழுந்திருக்க ஒரு காரணம் தேடிக்கொண்டிருந்தவருக்கு எந்த எண்ணும் போதும்.

என் அனுபவம் நேர் எதிரானது. குறைந்த வசூல் மட்டும்தான் கெடுக்கும் என்று நினைக்காதீர்கள். இன்சைடு அவுட் 2 வந்த ஞாயிறு. கதையின் நாயகி ரைலி ஐஸ் ஹாக்கி ஆட்டத்தின் நடுவே தண்டனைப் பெட்டியில் உட்கார்ந்து மூச்சு முட்டித் தவிக்கும் இடம் வந்தது. என் பக்கத்து இருக்கையில் பதின்மூன்று வயது இருக்கும் ஒரு பெண். தன் நெஞ்சில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, ரைலியோடு சேர்ந்து மூச்சை இழுத்து மெதுவாக விட்டுக்கொண்டிருந்தாள். அது அவளுக்குப் பழக்கமான காரியம் என்று பார்த்த உடனே தெரிந்தது. அந்த நேரம் பார்த்துப் பின்வரிசையில் கைப்பேசி வெளிச்சம். “பதினைந்து கோடி! மூன்றே நாளில் பதினைந்து கோடி!” என்று ஒரு குரல், அதற்கு இரண்டு மூன்று பேர் கைதட்டல். அந்தப் பெண் கையை நெஞ்சிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். படம் முடியும்வரை மறுபடி வைக்கவில்லை.

படம் கடைசியில் ஏறத்தாழ 170 கோடி டாலர் வசூலித்தது. அந்த வெற்றியில் எனக்கு மகிழ்ச்சிதான். எலிமென்டல் வட அமெரிக்காவில் தன் ஆயுள் முழுக்க ஓடிச் சேர்த்ததும், இது முதல் மூன்று நாளில் சேர்த்ததும் ஒரே தொகை, சுமார் 15.4 கோடி. முதல் பதிவு எழுதியவரின் மகளும் என் பக்கத்தில் இருந்த பெண்ணும் இந்த ஒரே தொகையின் இரண்டு பக்கங்களில் மாட்டிக்கொண்டார்கள்.

வசூலை வைத்து மதிப்பிட்டால், இன்று பலரும் கொண்டாடும் அனிமேஷன் படமான தி அயர்ன் ஜயண்ட் என்ன ஆகியிருக்கும்? 1999 ஆகஸ்டில் தொடக்க வசூல் 57 லட்சம் டாலர். அன்றைக்கு வகுத்துப் பார்த்தவர்கள் எல்லாம் இன்று எங்கே?

கணக்குப்பிள்ளை:

அயர்ன் ஜயண்டை எல்லோரும் இழுக்கிறீர்கள். அதற்குச் சரியான விளம்பரமே செய்யவில்லை என்பது ஊரறிந்த செய்தி. அதைக் காட்டிக்கொடுத்ததே அந்த 57 லட்சம்தான். அதை இயக்கிய பிராட் பேர்ட் அடுத்து 2004இல் தி இன்கிரெடிபிள்ஸ் எடுத்தார், அது ஓடியது. எண் குறைந்ததால் அவர் முடிந்துபோகவில்லை.

எழுந்து போன அந்த மனிதரை நான் நியாயப்படுத்தவில்லை. அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

வரைகோல்:

பிராட் பேர்ட் முடிந்துபோகவில்லை, சரி. இயக்குநருக்குக் கீழே வேலை செய்தவர்கள்?

நான் அனிமேஷன் துறையில் இருக்கிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம், படத்தின் பெயரும் வேண்டாம். ஒரு குடும்பப் படம். அதில் மழையில் போகும் பஸ்ஸின் ஜன்னல் கண்ணாடி என் வேலை. ஒரு துளி நின்று தயங்கி, பக்கத்துத் துளியைத் தொட்டதும் கனம் கூடி, வளைந்து இறங்க வேண்டும். திரையில் சில விநாடிகள். அந்தத் தயக்கம் சரியாக வருவதற்கு மாதக்கணக்கில் உழைத்தேன்.

படம் வந்த திங்கட்கிழமை எங்கள் எல்லோரையும் கூடத்துக்கு அழைத்தார்கள். பெரிய திரையில் முதல் வார இறுதி வசூல், எதிர்பார்த்தது இவ்வளவு, வந்தது இவ்வளவு. எழுத்துகளுக்குப் பின்னணியாகப் படத்திலிருந்து ஒரு காட்சியை நிறுத்தி வைத்திருந்தார்கள். என் ஜன்னல். வந்த தொகையைச் சிவப்பில் போட்டிருந்தார்கள், அந்தச் சிவப்பு எழுத்து சரியாக அந்தத் துளியின் மேல் விழுந்திருந்தது. பேசியவர் அடுத்த படம் தள்ளிப்போவதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அந்த எழுத்துக்கு அடியில் துளியைத் தேடிக்கொண்டிருந்தேன். சில வாரங்களில் எங்கள் குழுவில் பலருக்கு வேலை இல்லை.

பெரிய எண் வந்தால் காப்பாற்றும் என்றும் நினைக்க வேண்டாம். பிக்சார் 2024 மே மாதம் சுமார் 175 பேரை வேலையைவிட்டு அனுப்பியது. அடுத்த மாதமே வந்த படம் இன்சைடு அவுட் 2.

மூன்றாம் வரிசை நண்பரே, உங்கள் மகள் வரைந்த அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறதா? எம்பரின் தலையில் தீ ஒரு நொடிகூட நிற்காது, கோபத்தில் ஒரு மாதிரி, அழுகையில் ஒரு மாதிரி எரியும். அதைச் செய்தவர்களுக்கு, பென்சில் உடையும்வரை தேய்த்த ஒரு குழந்தை இருக்கிறாள் என்பது தெரிந்தால் போதும் என்று தோன்றும். எனக்கு அப்படித்தான் தோன்றும்.

முதல்நாள்:

மகாவதார் நரசிம்மா என்ற நம் ஊர் அனிமேஷன் படத்தைப் பற்றி யாரும் எழுதவில்லையே என்று வந்தேன். 2025 ஜூலை 25, முதல் நாள். அரங்கத்தில் ஆட்களை எண்ணிவிடலாம். இந்தியா முழுவதும் சேர்த்தே அன்றைக்கு இரண்டு கோடி ரூபாய் வரவில்லை. தூண் பிளக்கும் காட்சியில் எனக்கு முன்னால் தனியாக வந்திருந்த ஒரு பெரியவர் எழுந்து நின்றார். சுற்றிப் பார்த்தார். யாரும் எழவில்லை. கூச்சத்தோடு உட்கார்ந்துவிட்டார்.

படம் போகப் போக ஏறி 200 கோடியைத் தாண்டியது உங்களுக்குத் தெரியும். அடுத்த வாரம் வீட்டாரோடு மறுபடி போனேன். இடமே இல்லை, பிரிந்து பிரிந்து உட்கார்ந்தோம். அதே காட்சியில் வரிசை வரிசையாக எழுந்தார்கள். நான் கூட்டத்தில் அந்தப் பெரியவரைத்தான் தேடினேன்.

டிக்கெட் கவுண்டர்:

கணக்குப்பிள்ளை ஐயா, இரண்டாம் வாரச் சரிவைப் பார்க்கச் சொல்கிறீர்கள். எங்கள் அரங்கில் அடுத்த வெள்ளிக்கான காட்சி நேரங்களைத் திங்களன்றே பேசி முடிவு செய்துவிடுவார்கள். இரண்டாம் வாரம் எப்படிப் போகும் என்று தெரிவதற்குள் பகல் காட்சி போய்விடும். காட்சியை எடுத்துவிட்டு, கூட்டம் குறைந்தது என்றால் எப்படி?

இரவு ஒன்பதரையைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போகாதீர்கள். கவுண்டரில் நின்று பகல் காட்சி வேண்டும் என்று கேளுங்கள். அந்த அம்மா வந்துபோன பிறகு, கேட்டவர்களை எல்லாம் ஒரு தாளில் குறித்துத் திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு எடுத்துப் போகிறேன். மேலாளர் அதைப் பெரும்பாலும் மடித்து வைத்துவிடுவார். சென்ற மாதம் ஒரு படத்துக்கு மட்டும், இரண்டு மணிக் காட்சியைத் திரும்பக் கொடுத்தார்.