பிளெகோவுக்கு ஒரு பெயர்: பற்றுவாய்க் கெளுத்தி

கண்ணாடித் தொட்டிகளில் வளர்க்கிற பிளெகோ என்ற கெளுத்தி மீனுக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று ஒருவர் கேட்டார். அவர் கேட்டவையும் என் பதில்களும் இவை.

> எல்லாரும் டேங்க் கிளீனர் என்றுதான் கேட்கிறார்கள். அதையே 'தொட்டித் துப்புரவி' என்று வைத்துவிட்டால் என்ன?

வேண்டாம் ஐயா. அந்தப் பெயரை நம்பித்தான் பலரும் விரலளவுக் குஞ்சைச் சின்னத் தொட்டியில் விட்டுவிட்டு, பாசியைத் தின்று பிழைத்துக்கொள்ளும் என்று தீனியே போடாமல் இருக்கிறார்கள். கண்ணாடியில் படிகிற பாசி அதன் வயிற்றுக்குக் காணாது. வளர்ந்தால் ஓரடியைத் தாண்டுகிற மீன் அது. நான் முதலில் வளர்த்த பிளெகோ வயிறு ஒட்டித்தான் செத்தது. 'பாசித்தின்னி' என்றாலும் இதே தவறுதான் நடக்கும். போதாததற்கு, பிளெகோவின் குடும்பத்திலேயே மரக்கட்டையைச் சுரண்டித் தின்பவையும் உண்டு.

> அப்படியானால் கவசக் கெளுத்தி?

குடும்பப் பெயரான லொரிகாரிடேக்கு இது நேர்ப் பொருள்தான். 'லொரிகா' என்றால் லத்தீனில் மார்புக்கவசம். ஆனால் கோரிடோராஸும் கவசம் போட்ட கெளுத்திதானே? பக்கத்துக்கு இரண்டு வரிசைத் தகடுகளோடு அது வேறொரு குடும்பத்தில் இருக்கிறது. உயிரினங்களை வகைப்படுத்திப் பெயரிட்ட லின்னேயஸ் 1758-இல் நம் மீனை, கெளுத்தியே அல்லாத ஸ்டர்ஜன் என்ற மீனின் பேரினத்திலேயே சேர்த்துவிட்டார். ஸ்டர்ஜனுக்கும் எலும்புத் தகடுகள் உண்டு. ஆகவே கவசத்தை மட்டும் வைத்து இதைப் பிரித்துக் காட்ட முடியாது. 'கவசக் கெளுத்தி' இரண்டு குடும்பங்களுக்கும் பொதுவாக இருக்கட்டும்.

இன்னொன்று, அந்தத் தகடுகளைச் செதில் என்று எழுதாதீர்கள். கெளுத்திகளுக்குச் செதில் கிடையாது. இவை தோலில் உருவாகும் எலும்புகள், மேலே பல் போன்ற நுண்முட்கள் இருக்கும். 'தகடு' சரியாகப் பொருந்துகிறது. 'ஓடு' என்று வைத்தால் 'ஓட்டுக் கெளுத்தி' ஆகி, 'ஒட்டு' என்று படிக்கப்படும்.

இந்தக் குடும்பத்தின் முக்கிய அடையாளம் வாய்தான். தலைக்கு அடியில் வட்டமாக விரிந்த உதடு. அதை வைத்துக் கல்லைப் பிடித்துக்கொண்டால் ஓடுகிற ஆற்றிலும் அசையாமல் நிற்கும், அப்படியே நின்று மூச்சும் விடும், பல்லால் கல்லைச் சுரண்டவும் செய்யும். 'உறிஞ்சுவாய்' என்றால் அட்டை மாதிரி எதையோ உறிஞ்சிக் குடிக்கிறது என்ற எண்ணம் வருகிறது. வாய் செய்கிற வேலை பற்றிக்கொள்வது. தாவரவியலில் பற்றுவேர், பற்றுக்கம்பி ஏற்கெனவே இருக்கின்றன. அந்த வரிசையில் 'பற்றுவாய்க் கெளுத்தி' என்று சொல்லிப் பாருங்கள், நாக்கில் நன்றாக உட்காருகிறது.

> 'பற்றுவாய்' என்பது 'நீ பற்றுவாய்' என்ற வினைமுற்றாகவும் படுமே?

தனியாக எழுதினால் படும். அடுத்து ஒற்று மிகுந்து 'கெளுத்தி' வந்துவிட்டால் அந்தக் குழப்பம் இல்லை. அதனால் 'க்' விடாமல் எழுத வேண்டும், சுருக்கி 'பற்றுவாய்' என்று மட்டும் எழுதவும் கூடாது.

இது குடும்பத்துக்கு. பிளெகோ என்ற பெயருக்கு மூலமான ஹைப்போஸ்டோமஸ் பிளெகோஸ்டோமஸ் என்ற இனத்துக்குத் தனிப்பெயர் வேண்டும். ஹைப்போஸ்டோமஸை 'கீழ்வாய்' என்று பெயர்த்தால், அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே உள்ள மோவாய் என்ற பொருளும், பின்ன எண்ணைக் குறிக்கும் கீழ்வாயிலக்கமும் குறுக்கே வரும். பிளெகோஸ்டோமஸ் என்றால் மடிப்பு விழுந்த வாய். 'மடிவாய்க் கெளுத்தி' என்று வைக்கலாம் என்பது என் எண்ணம்.