காரணி தெரியாமலே ஓர் எண்ணைப் பகு எண் என்று சொல்வது எப்படி?

கேள்வி (கணித ஆசிரியர்):
வணக்கம். 2⁶⁷ − 1 என்பது 147573952589676412927 என்று 21 இலக்கங்களில் விரியும் எண். 1644-இல் பிரெஞ்சுத் துறவி மெர்சென் தந்த பட்டியல் இதைப் பகா எண் என்றது. 1876-இல் பிரெஞ்சுக் கணிதர் லூக்கா இது பகு எண்ணே என்று நிறுவினார். காரணிகளையோ 1903-இல்தான் அமெரிக்கரான ஃபிராங்க் நெல்சன் கோல் கண்டறிந்தார். இதைச் சொன்னபோது ஒரு மாணவி எழுந்து, "காரணியே தெரியாதபோது பகு எண் என்று எப்படிச் சொன்னார்கள்?" என்று கேட்டாள். பகு எண்ணுக்குக் காரணியைக் கொண்டே விளக்கம் தரும் என்னால், அவளுக்கு நிறைவான விடை தர இயலவில்லை.

மறுமொழி 1:
மிக நல்ல கேள்வி, ஐயா. பகு எண் எது என்பதைத்தான் விளக்கம் சொல்கிறது. அதை அறியும் வழி வேறாகவும் இருக்கலாம். லூக்காவின் கருத்தைப் பின்னர் லெமர் என்னும் கணிதர் எளிமையாக்கித் தந்த வடிவம் இது: 4-இல் தொடங்கி, ஒவ்வொரு முறையும் வர்க்கம் எடுத்து 2-ஐக் கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். 2-இன் அடுக்கு 5 என்றால் 3 முறை, 11 என்றால் 9 முறை, அதாவது அடுக்கைவிட 2 குறைவு. இறுதியில் 0 வந்தால், வந்தால் மட்டுமே, அது பகா எண். 2⁵ − 1 ஆகிய 31-க்கு 4, 14, 8, 0 என்று வருகிறது. 2¹¹ − 1 ஆகிய 2047-க்கு 4, 14, 194, 788, 701, 119, 1877, 240, 282, 1736. கடைசி மீதி 0 இல்லை. ஆகவே 2047 பகு எண். 23 × 89 என்பதை இந்தக் கணக்கு எங்கும் காட்டவில்லை என்பதை மாணவியிடம் அழுத்திச் சொல்லுங்கள், விடை அங்கேதான் இருக்கிறது.

மறுமொழி 2:
கோலின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். 2⁶⁷ − 1-ஐ ஒரு பகா எண் வகுத்தால், அந்தப் பகா எண்ணிலிருந்து 1-ஐக் கழித்து வருவது 67-ஆல் வகுபடும் என்பது ஃபெர்மாவின் சிறு தேற்றத்தின் விளைவு. அது இரட்டைப்படை எண்ணும் ஆதலால் 134-ஆலும் வகுபடும். மேலும் காரணியை 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 ஆகத்தான் இருக்கும் என்பதால், எஞ்சியவற்றிலும் பாதி கழிந்துவிடுகிறது. அவர் கண்ட காரணிகள் 193707721, 761838257287. முதலாவது 134 × 1445580 + 1 என்று சரியாக அமைவதைத் தாளில் போட்டுப் பார்த்தபோது எனக்குண்டான மகிழ்ச்சி இன்னும் நினைவிருக்கிறது. இலக்கங்களைக் கூட்டினால் முதலாவதற்கு 37, இரண்டாவதற்கு 64, பெருக்கற்பலனுக்கு 109. மூன்றையும் 9-ஆல் வகுத்தால் மீதி 1, ஆக 1 × 1 = 1 என்று பொருந்துகிறது. இது நிரூபணம் ஆகாது, ஆனால் எழுத்துப்பிழையைக் கண்டுகொள்ள உதவும்.

மறுமொழி 3:
அந்த 27 ஆண்டு இடைவெளி பழங்கதை அன்று. 2-இன் 1048576-ஆம் அடுக்குடன் 1-ஐக் கூட்டினால் வரும் இருபதாம் ஃபெர்மா எண்ணுக்கு 315653 இலக்கங்கள். அது பகு எண் என்பதைப் ஃபெர்மா எண் பகா எண்ணா என்று பார்க்கும் பெப்பின் சோதனையைக் கணினியில் நடத்தி 1987-இல் உறுதிப்படுத்தினார்கள். அதன் ஒரு காரணிகூட இன்றுவரை அகப்படவில்லை. பகு எண்ணா என்று அறிவது ஒரு வேலை, பகுப்பது முற்றிலும் வேறு வேலை. பெரிய எண்களில் இரண்டாவது வேலை கடினமாக இருப்பதை நம்பியே, செய்திகளைப் பிறர் படிக்காமல் காக்கும் ஆர்எஸ்ஏ குறியாக்கம் நிற்கிறது.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. நாளை 2047-ஐக் கரும்பலகையில் செய்து காட்டப் போகிறேன். 1877-இன் வர்க்கம் மட்டும் பிள்ளைகளை அலைக்கழிக்குமோ என்று அஞ்சுகிறேன்.

மறுமொழி 1:
1877-க்குப் பதிலாக −170 என்று எடுத்துக்கொள்ளுங்கள், ஐயா. இரண்டுக்கும் வித்தியாசம் 2047 என்பதால் மீதி மாறாது. வர்க்கம் 28900, அதில் 2 போக 28898, அதிலிருந்து 14 முறை 2047, அதாவது 28658, போக 240.