ஆக்ஸ்லி சாலை 38: லீ குவான் இயூ இடிக்கச் சொன்ன வீடு

கேள்வி:
சிங்கப்பூரின் முதல் பிரதமர் திரு லீ குவான் இயூ, 2015 மார்ச் 23ஆம் தேதி மறையும்வரை தாம் வாழ்ந்த ஆக்ஸ்லி சாலை 38ஆம் எண் வீட்டை, தம் மகள் அங்கு குடியிருப்பது முடிந்ததும் இடித்துவிட வேண்டும் என்று 2013 டிசம்பரில் எழுதிய உயிலில் கேட்டிருந்தார். 2017இல் பிள்ளைகளுக்கிடையே அது வெளிப்படையான சச்சரவானது. 2024 அக்டோபரில் மகள் காலமானபின் அதே பேச்சு மறுபடியும் எழுந்தது. 1959 முதல் 1990 வரை பிரதமராக இருந்து நாட்டின் மூலை முடுக்கெல்லாம் தம் முடிவுகளைப் பதித்தவர், தம் வீட்டை மட்டும் விட்டுவைக்க விரும்பாதது ஏன்? அதைத் தன்னடக்கம் என்று ஒரு கட்டுரையில் எழுதலாமா என்று யோசிக்கிறேன். விவரம் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாவேன்.

மறுமொழி 1:
தன்னடக்கம் என்று எழுதாதீர்கள், நண்பரே. அவர் சொன்ன காரணங்கள் எல்லாமே கணக்குப் பார்ப்பவரின் காரணங்கள். பராமரிப்புக்குச் செலவாகும், நேருவின் வீடும் ஷேக்ஸ்பியரின் வீடும் கூட்டம் மிதித்து என்ன ஆயின என்று பார்த்திருக்கிறேன், இந்த வீடு நிற்கும்வரை அக்கம்பக்கத்தார் உயரமாகக் கட்ட முடியாது, இடித்தால் அவர்கள் நிலத்தின் மதிப்பு கூடும் என்பதே அவர் வாதம். 1961 மே 25இல் புக்கிட் ஹோ சுவீ தீயில் ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தபோது அவர்களை வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடிகளில் குடியேற்றியதும், 1966இல் நில எடுப்புச் சட்டம் கொண்டுவந்து கம்பங்கள் எனப்படும் சிற்றூர்களையும் இடுகாடுகளையும்கூட அகற்றியதும் இவருடைய அரசுதான். ஊராருக்கு ஒரு நியாயம், தமக்கு ஒரு நியாயம் என்று அவர் வைத்துக்கொள்ளவில்லை என்பதை மட்டும் ஒப்புக்கொள்ளலாம். பழையதை எல்லாம் வெறுத்தவரும் அல்லர்; சிங்கப்பூரில் ஆங்கிலேயர் குடியேற்றத்தைத் தொடங்கிய ராஃபிள்ஸின் சிலையை அகற்றாதீர்கள், முதலீட்டாளர்களுக்கு அது நம்பிக்கை தரும் என்று டச்சுப் பொருளியலாளர் ஆல்பர்ட் வின்செமியஸ் சொன்னதைக் கேட்டு, காலனி ஆட்சியின் அந்தச் சிலையை அப்படியே நிற்க விட்டார். பயன் இருந்தால் நிற்கும், இல்லாவிட்டால் போகும், அவ்வளவுதான்.

மறுமொழி 2:
மேலே எழுதியவர் சொல்வது சரி. ஆனால் லீ வீட்டைத் தம் சொத்தாக மட்டும் பார்த்தாரே, அங்கேதான் எனக்கு லீயோடு உடன்பாடில்லை. 1954 நவம்பர் 21இல் விக்டோரியா நினைவு மண்டபத்தில் லீயின் மக்கள் செயல் கட்சி தொடங்கப்படுவதற்கு முன், அதன் கூட்டங்கள் நடந்தது இவ்வீட்டின் அடித்தளத்துச் சாப்பாட்டு அறையில். பின்னாளில் அமைச்சர்களான கோ கெங் சுவீ, டோ சின் சாய், யாழ்ப்பாணத்தில் பிறந்த எஸ். ராஜரத்தினம் முதலியோர் மேசையைச் சுற்றி அமர்ந்து விவாதித்த அறை அது. ஜூரோங் தொழிற்பேட்டையைச் சதுப்பு நிலத்தில் எழுப்பியவர் கோ. பள்ளிப் பிள்ளைகள் நாள்தோறும் சொல்லும் தேசியப் பற்றுறுதியை 1966இல் வரைந்தவர் ராஜரத்தினம். இவர்களைத் தவிர்த்துவிட்டு ஒருவரை மட்டும் தேசத்தின் தந்தை என்று எழுதும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது (தமிழை ஆட்சிமொழியாக்கினார் என்ற நன்றிப் பேச்சிலும் இதே ஒருமைதான்). 2011 ஜூலையில் அமைச்சரவை இடிக்கக் கூடாது என்று கருத்துச் சொன்னபோது, அவர் அந்த டிசம்பரில் பதில் எழுதினார்: வைத்துக்கொள்வதானால் அஸ்திவாரத்தை வலுப்படுத்திப் புதுப்பித்து வாடகைக்கு விடுங்கள், ஆளில்லா வீடு சிதைந்துபோகும். நினைவிடம் பற்றிப் பேசும்போதும் வாடகை நினைவுக்கு வருகிற மனிதர்!

மறுமொழி 3:
அந்த மேசையைப் பற்றிப் பேசுகிறவர்கள் லிம் சின் சியோங்கை மறந்துவிடுகிறார்கள். 1955 தேர்தலில் லீ தஞ்சோங் பகாரில் வென்ற அதே நாளில், அதே கட்சியின் சார்பில் புக்கிட் தீமாவில் வென்றவர் அவர். 1961இல் கட்சி பிளந்து, லிம் உள்ளிட்ட இடதுசாரிகளின் பாரிசான் சோசியாலிஸ் கட்சி உருவானது. 1963 பிப்ரவரி 2ஆம் தேதி ஆபரேஷன் கோல்ட்ஸ்டோர் என்ற பெயரில் நூற்றுக்கும் மேற்பட்டோர் கைதானபோது அவரும் விசாரணையின்றி அடைக்கப்பட்டு, 1969இல்தான் வெளியே வந்தார். பாரிசான் உறுப்பினர் சியா தை போ 1966இல் பிடிபட்டு 1989வரை விசாரணையே இல்லாமல் காவலில் இருந்தார். அதன்பிறகும் 1998வரை அவருக்குக் கட்டுப்பாடுகள் நீடித்தன. அடுக்குமாடிகளும் துறைமுகமும் லீயின் மரபு என்றால் இதுவும் அவருடைய மரபுதான். கட்டுரையில் இதற்கு ஒரு பத்தியாவது ஒதுக்குங்கள். வீட்டைப் பொறுத்தவரை, 2018இல் அமைச்சர் குழு முன்வைத்த மூன்று வழிகளில், கட்டடத்தை இடித்துச் சாப்பாட்டு அறையை மட்டும் காப்பது ஒன்று. எனக்கு அதுவே பொருத்தமாகப் படுகிறது. அந்த அறையின் சுவரில் ஒரு விளக்கப் பலகை வைத்தால், அதில் எத்தனை பெயர்கள் இருக்கின்றன என்றுதான் நான் முதலில் எண்ணிப் பார்ப்பேன்.