புதுப்பிப்பு: டிரைவரா, பட்டிங்கா?

கோல்ஃபில் ஸ்கோரை, அதாவது மொத்த அடிகளை, குறைக்க தூரமாக அடிக்கும் டிரைவர் மட்டையைப் பழகுவதா, பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் பட்டிங்கைப் பழகுவதா என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லா அண்ணாச்சிகளுக்கும் நன்றி. மூன்று மாதம் கழித்து எழுதுகிறேன்.

கைகொடுத்தது நாகர்கோவில் அண்ணாச்சி சொன்ன வழி: "முதலில் அடிகள் எதில் வீணாகப் போகிறது என்று எழுதி வை." பாளையங்கோட்டையிலிருந்து கொடைக்கானல் கோல்ஃப் மைதானத்துக்கு மாதம் ஒருமுறைதான் போக முடிகிறது. போன இடத்தில் ஒவ்வோர் அடியையும் சின்ன நோட்டில் குறித்தேன். முதல் ரவுண்டு (ஒரு முழு ஆட்டம்) 106 அடி. டிரைவரில் ஐந்து பந்து எல்லைக்கு வெளியே. எல்லை தாண்டினால் ஓர் அடி அபராதம், அதோடு அடித்த இடத்திலிருந்தே மறுபடி அடிக்க வேண்டும். அதிலேயே பத்து அடி போச்சு. பந்தை உள்ளே தள்ள மூன்று பட் (உருட்டும் அடி) போட்ட குழிகள் நான்கு.

பாதை குறுகலான குழிகளில் டிரைவரை விட்டு ஹைப்ரிட் என்ற மட்டையை எடுத்தேன். தூரம் குறைந்தது, ஆனால் பந்து கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் கிடந்தது. கடைசி ரவுண்டு 97. எல்லை தாண்டியது ஒன்றே ஒன்று, மூன்று பட் போட்ட குழிகள் மூன்று.

எதிர்பாராதது பட்டிங்தான். மொட்டை மாடி சிமெண்டுத் தரையில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து தினமும் சாயங்காலம் பழகினேன். அங்கே பந்து வழுக்கி ஓடும், கொடைக்கானல் புல்லிலோ பாதியில் நின்றுவிட்டது. அப்புறம் முப்பது அடித் தூரத்தைப் புல்லிலேயே பழகிய பிறகுதான் கை பழகியது.

கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடியின் ஆய்வும் நல்ல ஆட்டக்காரருக்கும் மற்றவருக்கும் ஸ்கோர் வித்தியாசம் பட்டிங்கைவிட நீண்ட அடிகளில்தான் அதிகம் என்கிறது. என் நோட்டும் அதையே சொல்கிறது.