டிடிகே பட்டனில் நிறம் ஏறவில்லை, டேபிளில் தமிழ் எழுத்து அறுபடுகிறது

ஆத்தங்குடிக் கணக்கு:

பூக்கல் (தரையில் பதிக்கும் பூப்போட்ட கல்) பட்டறைக்கு ஸ்டாக், பில் போடும் திரை ஒன்று. பைத்தான், டிகின்டர் (டிகே என்ற திரை வரையும் நூலகத்தின் பைத்தான் வடிவம்), விட்ஜெட் (பட்டன், பட்டியல் போன்ற திரை உறுப்புகள்) எல்லாம் டிடிகே, அதாவது டிகேயின் தீம் வைத்த புது வகை. பட்டறை லேப்டாப்பில் விண்டோஸ் 10, ஸ்கேலிங் 150 சதவீதம். எழுத்துரு நிர்மலா யூஐ, 11 பாயின்ட்.

1. 'பில் போடு' பட்டனுக்குக் காவிச் சிவப்பு வேண்டும். பிஜி (பின்னணி நிறம்) என்று கொடுத்தால் 'அன்நோன் ஆப்ஷன்' என்று எரர். ஸ்டைலில் பேக்கிரவுண்ட் கொடுத்தால் எரர் இல்லை, ஆனால் பட்டனைச் சுற்றி நூல் மாதிரி ஒரு சிவப்புக் கோடு மட்டும் தெரிகிறது. உள்ளே அதே சாம்பல்.

2. எழுத்து மங்கலாக இருக்கிறதென்று டிபிஐ அவேர் வரியை (ஸ்கேலிங்கை நிரலே கவனிக்கும் என்று விண்டோஸுக்குச் சொல்வது) சேர்த்தோம். மங்கல் போய்விட்டது. ஆனால் ட்ரீவியூவில் (டேபிள் காட்டும் விட்ஜெட்) 'கு', 'பூ' எல்லாம் கீழே அறுபடுகின்றன.

3. அளவு காம்போபாக்ஸில் (8, 10, 12 இஞ்ச்) ஃபான்ட் பெரிதாகிறது, ஆனால் கீழே விரியும் பட்டியல் பொடி எழுத்திலேயே நிற்கிறது.

4. அதே நிரல் உபுண்டுவில் ஓடினால் 'மொத்தம்' என்பதில் கொம்பு 'ம'வுக்குப் பின்னால் போய் நிற்கிறது.

நிரல் வரிகளைத் தமிழ் எழுத்திலேயே ஒலிபெயர்த்துப் போட்டால் போதும், அடித்துக்கொள்வோம்.

முகப்பு:

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். இங்கே வாரம் ஒருவர் இதில்தான் முட்டிக்கொள்கிறார்.

உங்கள் ஸ்டைல் தப்பில்லை. அதை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. விண்டோஸில் டிடிகே தானாக எடுப்பது 'விஸ்டா' தீம். அந்தத் தீமில் பட்டனின் முகத்தை டிகே வரைவதில்லை, விண்டோஸே வரைந்து கொடுக்கிறது. நீங்கள் கொடுத்த சிவப்பு அந்தப் படத்துக்கு அடியில் போய்விடுகிறது. ஓரத்தில் எட்டிப் பார்க்கிற நூல்தான் அது. ஃபோர்கிரவுண்ட் கொடுத்துப் பாருங்கள், எழுத்து நிறம் மாறும். ஏனென்றால் எழுத்தை வரைவது டிகே.

ஆகவே தானே வரைகிற தீமுக்கு மாற வேண்டும். எல்லா இடத்திலும் கிடைப்பவை கிளாம், ஆல்ட், டிஃபால்ட், கிளாசிக் ஆகிய நான்கு. அவற்றில் கண்ணுக்குப் பரவாயில்லை என்பது கிளாம்.

நடை = டிடிகே.ஸ்டைல்(ரூட்)
நடை.தீம்_யூஸ்('கிளாம்')
நடை.கான்ஃபிகர்('கல்.டிபட்டன்', பேக்கிரவுண்ட்='#993322', ஃபோர்கிரவுண்ட்='ஐவரி', பேடிங்=(14, 8))
நடை.மேப்('கல்.டிபட்டன்', பேக்கிரவுண்ட்=[('டிசேபிள்ட்', 'கிரே'), ('பிரஸ்ட்', '#661111'), ('ஆக்டிவ்', '#774422')])

பிறகு பட்டனில் ஸ்டைல்='கல்.டிபட்டன்'.

தீம்_யூஸ் வரி முதலில் வர வேண்டும். கான்ஃபிகர் செய்வது அந்த நேரத்தில் இருக்கும் தீமுக்கு மட்டும்தான் சேரும். விஸ்டாவில் எழுதிவிட்டுக் கிளாமுக்குத் தாவினால் எழுதியது அத்தனையும் விஸ்டாவோடு தங்கிவிடும்.

மேப் வரியை (பட்டனின் நிலைக்கு ஏற்ப நிறம் சொல்வது) விட்டால் பட்டன் சிவப்பாகத்தான் வரும், சந்தோஷப்படுவீர்கள். மவுஸ் மேலே போனதும் வெளிறிவிடும். கிளாம் தன் டிபட்டனுக்கு ஆக்டிவ் நிறத்தை ஏற்கெனவே மேப்பில் எழுதி வைத்திருக்கிறது. உங்கள் ஸ்டைலில் மேப் இல்லையென்றால் அதைத்தான் எடுக்கும், ஏனென்றால் கான்ஃபிகரை விட மேப்புக்குத்தான் முதல் மரியாதை. மேப்புக்குள்ளும் மேலிருந்து கீழாகப் பார்த்து முதலில் பொருந்துவதோடு நின்றுவிடும். அழுத்தும்போது மவுஸ் பட்டன் மேலேதான் இருக்கிறது, அதாவது ஆக்டிவும் உண்மை, பிரஸ்டும் உண்மை. அதனால் பிரஸ்டை மேலே எழுதுங்கள். மாற்றிப் போட்டால் அழுத்தின நிறம் வரவே வராது.

பெயர் விஷயம்: புள்ளிக்கு முன்னால் என்ன வேண்டுமானாலும் வைக்கலாம், தமிழ்கூட ஏற்கும். புள்ளிக்குப் பின்னால் கிளாஸ் பெயர் அச்சு அசலாக இருக்க வேண்டும். டிபட்டன், டிஎன்ட்ரி என்று வரிசையாக 'டி' போட்டுப் பழகிய கை ட்ரீவியூவுக்கும் போட்டுவிடும். அதற்கு 'டி' கிடையாது, வெறும் 'ட்ரீவியூ', தலைப்புக்கு 'ட்ரீவியூ.ஹெடிங்'. புரோகிரஸ்பாருக்கு நடுவில் 'ஹாரிசான்டல்' வர வேண்டும், விட்டால் 'லேஅவுட் நாட் ஃபவுண்ட்' என்று விழும். சந்தேகம் வந்தால் விட்ஜெட்டில் வின்ஃபோ_கிளாஸ்() கேளுங்கள். எந்த உறுப்பு எந்த ஆப்ஷனைக் கேட்கும் என்பதற்கு நடை.லேஅவுட், நடை.எலிமென்ட்_ஆப்ஷன்ஸ் இரண்டும் போதும்.

இரண்டாங்கட்டு:

ஒரு பட்டன் நிறத்துக்காகத் திரை முழுவதையும் கிளாமாக்குவது எனக்கு ஒப்பவில்லை. பட்டறை ஆள் பார்த்துப் பழகியது விண்டோஸ் முகம். அந்த ஒன்றை மட்டும் பழைய டிகே.பட்டனாக வைத்தால் விண்டோஸில் பிஜி நேராக வேலை செய்யும். மேக்கில் செய்யாது, உங்களுக்கு மேக் இல்லை. ஒரே எச்சரிக்கை: மேலே 'ஃப்ரம் டிகின்டர்.டிடிகே இம்போர்ட் ஸ்டார்' இருந்தால் பட்டன் என்ற பெயரை டிடிகே பிடித்துக்கொள்ளும், பழைய எரரே திரும்ப வரும். டிகே.பட்டன் என்று முழுப்பெயர் எழுதுங்கள். தலைப்பு வரிசைக்கும் நிறம் வேண்டுமென்றால் முகப்பு சொன்னதுதான் வழி, விஸ்டாவில் ஹெடிங்கும் இதே பிடிவாதம்தான்.

இரண்டாவது கேள்விக்கு விடை உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. டிகே 8.6இல் ட்ரீவியூ வரிசையின் உயரம் 20 பிக்சல், தானாக மாறாது. ஃபான்ட் பாயின்டில் இருக்கிறது, அது மாறும். 96 டிபிஐயில் 11 பாயின்ட் ஏறக்குறைய 15 பிக்சல். அவேர் வரி சேர்த்ததும் 150 சதவீதத்தில் 144 டிபிஐ, அதே 11 பாயின்ட் 22 பிக்சல். 20 பிக்சல் பெட்டிக்குள் 22 பிக்சல் எழுத்து எப்படி நிற்கும்? ஆங்கிலம் என்றால் கொஞ்சம் சமாளித்திருக்கும். தமிழில் 'கு', 'பூ', 'ழு' கீழே இறங்குபவை, அவைதான் முதலில் அடிபடும்.

உயரத்துக்கு எண்ணைக் கையால் எழுதாதீர்கள், அளந்து எடுங்கள்:

எழுத்து = ஃபான்ட்.நேம்டுஃபான்ட்('டிகேடிஃபால்ட்ஃபான்ட்')
எழுத்து.கான்ஃபிகர்(ஃபேமிலி='நிர்மலா யூஐ', சைஸ்=11)
நடை.கான்ஃபிகர்('ட்ரீவியூ', ரோஹைட்=எழுத்து.மெட்ரிக்ஸ்('லைன்ஸ்பேஸ்') + 8)

ரூட் உருவான பிறகுதான் நேம்டுஃபான்ட். அவேர் வரியோ ரூட்டுக்கு முன்னால். டேபிளின் காலம் (நெடுவரிசை) அகலமும் பிக்சல்தான், அதையும் எழுத்து.மெஷர்('225 கல்') போல அளந்து கொடுங்கள். எண் காலத்தை வலப்பக்கம் ஒட்டவைத்தால்தான் 100 சதுர அடிக்கு 8 இஞ்ச் கல் 225, 10 இஞ்ச் 144, 12 இஞ்ச் 100 என்று இலக்கம் நேராக விழும். காலத்தின் ஆங்கர் தலைப்புக்குச் சேராது, ஹெடிங்குக்குத் தனியாகக் கொடுக்க வேண்டும்.

மூன்றாவதும் இதோடு முடிந்துவிடும். விரியும் பட்டியல் டிடிகே இல்லை, பழைய லிஸ்ட்பாக்ஸ். காம்போபாக்ஸில் நீங்கள் கொடுத்த ஃபான்ட் அதற்குப் போகாது. அது பார்ப்பது 'டிகேடெக்ஸ்ட்ஃபான்ட்' என்ற பெயரை. என்ட்ரியும் காம்போபாக்ஸும்கூட அதையேதான் பார்க்கின்றன. ஆகவே விட்ஜெட்டுக்கு விட்ஜெட் ஃபான்ட் எழுதியதையெல்லாம் அழித்துவிட்டு, டிகேடிஃபால்ட்ஃபான்ட், டிகேடெக்ஸ்ட்ஃபான்ட், டிகேஹெடிங்ஃபான்ட் மூன்றையும் ஒரு லூப்பில் மாற்றுங்கள்.

கிளாமுக்குப் போனால் இன்னொன்று: ரீட்ஒன்லி காம்போபாக்ஸ் சாம்பல் பூசிக்கொள்ளும். டிகாம்போபாக்ஸுக்கு மேப்பில் ஃபீல்டுபேக்கிரவுண்ட்=[('ரீட்ஒன்லி', 'ஒயிட்')] போடுங்கள். பேக்கிரவுண்ட் இல்லை, ஃபீல்டுபேக்கிரவுண்ட். என்ட்ரிக்கும் அப்படியே.

ஆத்தங்குடிக் கணக்கு:

பட்டன், எழுத்து, பட்டியல் மூன்றும் சரியாகிவிட்டன அண்ணே. கிளாமுக்கே போய்விட்டோம், தலைப்பும் சிவப்பு. ட்ரீவியூவில் ஒன்றுவிட்டு ஒரு வரிக்கு ஐவரி நிறம் கொடுக்க, வரிக்கு டேக் (ஒட்டும் அடையாளம்) வைத்து டேக்_கான்ஃபிகர் எழுதியிருக்கிறோம். ஒரு கம்ப்யூட்டரில் வருகிறது, பைத்தான் 3.7 இருக்கும் பழைய கம்ப்யூட்டரில் வரவில்லை.

முகப்பு:

அந்தப் பழைய கம்ப்யூட்டரில் டிகே 8.6.9 இருக்கும். பைத்தான் 3.7.3இன் விண்டோஸ் இன்ஸ்டாலரோடு வந்தது அதுதான். அந்தப் பதிப்பில் டேக் நிறம் எடுபடாத பிழை உண்டு, 8.6.10இல் சரிசெய்தார்கள். டிகேவெர்ஷன் கேட்டால் வெறும் 8.6 என்றுதான் சொல்லும். ரூட்.டிகே.கால்('இன்ஃபோ', 'பேட்ச்லெவல்') கேளுங்கள், கடைசி எண்ணும் வரும்.

பைத்தானைப் புதுப்பிப்பதே நல்லது. முடியாதென்றால் நடை.மேப்('ட்ரீவியூ', குவரி_ஆப்ட்='பேக்கிரவுண்ட்') கொடுப்பதை வாங்கி, 'நாட் டிசேபிள்ட், நாட் செலக்டட்' என்று தொடங்கும் வரியை எடுத்துவிட்டு மிச்சத்தைத் திரும்ப மேப்பில் வையுங்கள். ஃபோர்கிரவுண்டுக்கும் அதே. டேக் நிறத்தை மறைப்பது அந்த வரிதான்.

வரியை நீக்கினாலோ சார்ட் செய்தாலோ டேக் கூடவே நகரும், ஒரே நிறம் இரண்டு வரி சேர்ந்து நிற்கும். ஒவ்வொரு முறையும் மறுபடி டேக் போடுங்கள்.

தேவகோட்டை லினக்ஸ்:

நாலாவதை யாரும் தொடவில்லையே. ஸ்டைலால் ஆகாது என்பதால் இருக்கும்.

விண்டோஸில் டிகே எழுத்தை விண்டோஸிடம் கொடுத்துவிடுகிறது, அது கொம்பு, கால் எல்லாம் சேர்த்து வடிவமைத்துத் தருகிறது. லினக்ஸில் டிகே 8.6 எக்ஸ்எஃப்டி (எழுத்து வரையும் நூலகம்) வழியாக வரைகிறது, அங்கே வடிவமைக்கும் வேலையே நடப்பதில்லை. யூனிகோடில் 'ம' முதலில், கொம்பும் காலும் சேர்ந்த குறி பின்னால். வந்த வரிசையிலேயே வரைந்துவிடுகிறது. நோட்டோ, லதா என்று ஃபான்ட்டை மாற்றிப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

நிலையான லேபிள் பத்துப் பதினைந்துதான் என்றால் பில்லோவில் (பைத்தானின் பட நூலகம்) ராக்கம் லேஅவுட்டோடு (எழுத்தை வடிவமைக்கும் நூலகம்) படமாக வரைந்து லேபிளுக்குக் கொடுக்கலாம். ஃபீச்சர்ஸ்.செக்('ராக்கம்') ட்ரூ என்று வருகிறதா முதலில் பாருங்கள். ஃபோட்டோஇமேஜை ஒரு வேரியபிளில் பிடித்து வையுங்கள், லோக்கலாக விட்டால் ஃபங்ஷன் முடிந்ததும் லேபிள் வெறுமையாகிவிடும். வாடிக்கையாளர் பெயரைத் தமிழில் தட்டச்சு செய்யும் என்ட்ரிக்கு இந்த வித்தை செல்லாது. அது வேண்டுமென்றால் உபுண்டுவுக்குப் பைசைட்தான், க்யூட்டி என்ற வேறொரு திரை நூலகத்தின் பைத்தான் வடிவம். க்யூட்டியில் எழுத்தை வடிவமைக்கும் ஹார்ஃப்பஸ் உள்ளேயே இருக்கிறது, தமிழ் ஒழுங்காக வரும்.

ஆத்தங்குடிக் கணக்கு:

உபுண்டுவில் பில் போடுவதில்லை, ஸ்டாக் பார்ப்பது மட்டும்தான். லேபிள் 12 இருக்கிறது, படமாகவே போட்டுவிடுகிறோம். டேபிளுக்குள் கல்லின் பெயர் வருகிற காலத்தை மட்டும் அங்கே எண் குறியீடாக மாற்றிவிடலாம்.

தேவகோட்டை லினக்ஸ்:

மாற்றலாம். ட்ரீவியூவின் '#0' காலத்தில் மட்டும்தான் வரிக்கு ஒரு படம் வைக்க இடம் உண்டு, பெயரையும் படமாக அதில் நிறுத்தலாம். ஷோ ஆப்ஷனில் 'ட்ரீ ஹெடிங்ஸ்' என்று இருக்க வேண்டும். வெறும் 'ஹெடிங்ஸ்' என்றால் அந்தக் காலமே தெரியாது.