மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி ஏறும்போது கேரவன் டாய்லெட்டில் கழிவு மேலே வருகிறது: பம்பு கோளாறா?

கேத்தி_கேரவன்:
வணக்கம். டெம்போ ட்ராவலரை கேரவனாக மாற்றியதில், படகில் போடும் கைப்பம்பு டாய்லெட் இருக்கிறது. கோப்பைக்குப் பக்கத்தில் பம்பு, மேலே ஒரு லீவர்: ஒரு பக்கம் தள்ளினால் தண்ணீர் வரும், மறுபக்கம் தள்ளினால் கழிவை மட்டும் இழுக்கும். வண்டிக்கு அடியில் 60 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி. இடையில் 38 மி.மீ. ஹோஸ், 2 மீட்டர் இருக்கும். அது தொட்டியின் பக்கவாட்டில், அடியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நுழைகிறது.

கல்லார் தாண்டி பர்லியார் வருவதற்குள் கோப்பையில் கலங்கல் தண்ணீர் ஏற ஆரம்பிக்கிறது. ஊட்டி போய்ச் சேரும்போது அரைக் கோப்பை. கைப்பிடியைக் கீழே அமுக்கினால் கல் மாதிரி இருக்கிறது, விட்டால் தானாக மேலே எழும்புகிறது. மேலே இழுப்பது சுலபம்தான்.

உயரத்தில் காற்று குறைவு, அதனால் பம்பு வலுவிழக்கிறது என்கிறார் மெக்கானிக். புது பம்பு வாங்க வேண்டுமா?

ஓரிங்:
வாங்காதீங்க. ஊட்டியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல். கடலோரத்தில் கணக்குப்படி 10 மீட்டர் வரை உறிஞ்சலாம் என்றால், அங்கே 8 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. உங்கள் பம்பு தண்ணீர் இழுக்கும் உயரம் ஒரு மீட்டர்கூட இருக்காது. உயரத்தால் பம்பு கெடவில்லை. ஆனால் மெக்கானிக் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது: கோளாறு உயரத்தால்தான், இடம்தான் தொட்டி.

ஒரு கேள்வி. மலை இறங்கும்போது கோப்பையில் விட்டுவைத்த தண்ணீர் தானாகக் காணாமல் போகிறதா?

கேத்தி_கேரவன்:
ஆமாம்! குன்னூரில் நிரப்பி வைத்தால் மேட்டுப்பாளையத்தில் வறண்டு கிடக்கும். நாற்றம் வேறு.

ஓரிங்:
அப்படியானால் தொட்டியின் காற்றுக்குழாய் அடைத்திருக்கிறது. மேட்டுப்பாளையம் சுமார் 300 மீட்டர், ஊட்டி சுமார் 2,240 மீட்டர். கீழே தொட்டிக்குள் அடைபட்ட காற்று அதே அழுத்தத்தோடு மலையேறுகிறது, வெளியழுத்தமோ குறைந்துகொண்டே போகிறது. மேலே போய்ச் சேரும்போது வித்தியாசம் ஏறக்குறைய 20 கிலோபாஸ்கல். அதாவது கழிவை 2 மீட்டர் உயரத்துக்குத் தள்ளும் வலு. உங்கள் ஹோஸ் கழிவின் மட்டத்துக்குக் கீழே நுழைவதால் காற்று வராமல் கழிவே வருகிறது. கைப்பிடியைத் தூக்குவதும் இதே அழுத்தம்தான். இறங்கும்போது எல்லாம் தலைகீழ்: தொட்டி உறிஞ்சும்.

தொட்டிக்கும் இது ஆபத்து. 50க்கு 40 செ.மீ. உள்ள ஒரு தட்டைச் சுவரில் 20 கிலோபாஸ்கல் என்றால் 400 கிலோ பாரம். மேலேறும்போது சுவர் உப்பும், இறங்கும்போது உள்ளே அமுங்கும். ஒட்டுப் போட்ட மூலையில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

முக்கியமாக, ஊட்டியில் நிறுத்திய கையோடு ஹோஸைக் கழற்றிவிடாதீர்கள், முகத்தில் அடிக்கும். முதலில் தொட்டியைக் காலி செய்யும் மூடியைக் கால் சுற்று மட்டும் தளர்த்தி, 'புஸ்' சத்தம் நிற்கும்வரை விடுங்கள். பிறகு காற்றுக்குழாயின் வெளிவாயைப் பாருங்கள். நம்ம ஊரில் முதல் குற்றவாளி குளவி, வாயில் மண்கூடு கட்டிவிடும். அடுத்தது ஹோஸ் தொய்ந்த இடம். கொண்டை ஊசி வளைவில் தொட்டி அலம்பும்போது தெறிப்பது அங்கே தேங்கிக் காயும்.

கூட்டைக் கம்பியால் வெளியே கிண்டி எடுங்கள். பிறகு மூடி திறந்திருக்க, தோட்டத்து ஹோஸை வைத்து வெளியிலிருந்து தொட்டியை நோக்கித் தண்ணீர் விடுங்கள். பஞ்சர் கடை கம்ப்ரஸர் வேண்டவே வேண்டாம்.

பைப்ரேஞ்ச்:
ஓரிங் சொன்னதோடு விட்டால் பாதி வேலைதான். காற்றுக்குழாய் அடைத்திருந்தாலும், போன கழிவு திரும்பாமல் தடுக்கும் ஜோக்கர் வால்வு நன்றாக இருந்தால் இவ்வளவு திரும்பி வந்திருக்காது. பம்பின் பின்னால் கழிவு வெளியேறும் முழங்கையைக் கழற்றினால், உள்ளே மீன் வாய் மாதிரிக் கீறல் போட்ட ரப்பர் இருக்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், கீறல் வழியாக வெளிச்சம் தெரிந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். கெட்டாலும் கெடாவிட்டாலும் வருஷத்துக்கு ஒன்று மாற்றுவது நல்லது. கூம்பு முனை தொட்டிப் பக்கம் பார்க்கணும், திருப்பிப் போட்டால் ஒன்றுமே போகாது.

கழற்றும் முன் சுத்தத் தண்ணீர் விட்டு 20 தடவை அடித்து, நீர் வரும் வால்வை மூடி, லீவரை உலர் பக்கம் தள்ளிக் காலியாக்குங்கள். மேல்மூடியையும் அடிப்பாகத்தையும் திறந்ததும் ஒவ்வொரு ரப்பரும் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அடி வால்வில் ஒரு சின்ன எடைக்கட்டி இருக்கும், தலைகீழாகப் போடுவது எல்லாரும் செய்கிற தப்பு. பிஸ்டன் ஓ-ரிங், ராடு சீல், மேல் கேஸ்கெட் எல்லாம் சேர்ந்து கிட்டாகக் கிடைக்கும். ஒரே கம்பெனியிலேயே பழைய கைப்பிடிக்கு ஒரு கிட், அழுத்தித் திருப்பிப் பூட்டும் கைப்பிடிக்கு வேறு கிட். பார்த்து வாங்குங்க.

திரும்பப் பூட்டும்போது ஸ்க்ரூவை நேரே முறுக்காதீர்கள். முதலில் இடப்பக்கமாகச் சுற்றினால் ஒரு இடத்தில் 'டக்' என்று பழைய மரையில் விழும், அப்புறம் இறுக்குங்கள். இல்லாவிட்டால் பிளாஸ்டிக்கில் புது மரை வெட்டி, அடுத்த தடவை பிடிக்காமல் போகும். குறுக்கு மறுக்காக, கை இறுக்கம் போதும்.

அறிகுறிக் கணக்கு இது: கீழே அமுக்கக் கடினம் என்றால் வெளிவழி அடைப்பு. கைப்பிடி லொடலொடவென்று போய்த் தண்ணீர் வரவில்லை என்றால் ஓ-ரிங் தேய்மானம், அல்லது மேல் கேஸ்கெட்டில் காற்று. ராடைச் சுற்றி ஒழுகினால் ராடு சீல். சும்மா நிற்கும்போது கோப்பையில் *சுத்தத்* தண்ணீர் ஏறினால் ஜோக்கர் வால்வைத் தொடாதீர்கள், லீவர் உலர் பக்கம் தள்ளாமல் கிடக்கும் அல்லது மேல் வால்வு மூடாது.

கேத்தி_கேரவன்:
திறந்து பார்த்தேன். அரை நிமிஷம் 'புஸ்', வாயில் குளவிக்கூடு, அப்படியே நீங்கள் சொன்னதுதான். ஜோக்கர் வால்வும் வாயைப் பிளந்துகொண்டுதான் இருக்கிறது, மாற்றுகிறேன். பிஸ்டனுக்குத் தேங்காய் எண்ணெய் விடலாமா? திரும்ப அடைக்காமல் இருக்க என்ன செய்வது?

பைப்ரேஞ்ச்:
ஊட்டிக் குளிரில் தேங்காய் எண்ணெயா! 24 டிகிரிக்குக் கீழே உறைந்து மெழுகாகிவிடும். மற்ற சமையல் எண்ணெய்கள் நாளாவட்டத்தில் பிசினாகும். சிலிக்கான் கிரீஸ் மட்டும், உருளைச் சுவரில் விரலால் மெல்லிய பூச்சு.

பினாயில், பைன் எண்ணெய், ஆசிட் கிளீனர் எதுவும் வேண்டாம், ரப்பர் உப்பிவிடும் அல்லது வெடிக்கும். படகில் கடல்நீரும் சிறுநீரும் சேர்ந்து ஹோஸுக்குள் சுண்ணாம்புப் படிவம் சீக்கிரம் கட்டும், உங்களுக்கு நன்னீர் என்பதால் அவ்வளவு இல்லை. மாதம் ஒருமுறை இரவில் 200 மி.லி. வெள்ளை வினிகரை விட்டு இரண்டு அடி அடித்து விட்டுவிட்டால் போதும். வினிகரையும் ப்ளீச்சையும் சேர்க்கவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும்.

இன்னொன்று, ஒரு முழு அடிப்பு கழிவை ஒரு சாண் தூரம்கூடத் தள்ளாது. மீட்டருக்கு 7 வீதம் உங்கள் ஹோஸுக்கு 14 அடிப்பு. விருந்தாளிகள் நாலு அடி அடித்துவிட்டுப் போய்விடுவார்கள், மிச்சமெல்லாம் ஹோஸிலேயே தேங்கும். சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

ஓரிங்:
காற்றுக்குழாய் 19 மி.மீ.க்குக் குறையக் கூடாது, முடிந்தால் 25. தொய்வே இல்லாமல் தொட்டியிலிருந்து ஒரே ஏற்றமாகப் போகட்டும். வாயில் 2 மி.மீ. கண்ணுள்ள எவர்சில்வர் வலை. கொசுவலை வேண்டாம், அதுவே அடைத்துக்கொள்ளும். தொட்டி முக்காலுக்கு மேல் நிரம்பியிருந்தால் காட் ஏறும் முன் காலி செய்யுங்கள், அதுவும் செப்டிக் டேங்கில். ஓடைப் பக்கம் போகவே கூடாது, கீழே அதைத்தான் குடிக்கிறார்கள். கழிவு ஹோஸைத் தொட்டியின் மேல்பக்கத்துக்கு மாற்றிவிட்டால், அடுத்த முறை குளவி வந்தாலும் ஹோஸில் நிற்பதுதான் திரும்பும். 2 மீட்டருக்கு இரண்டேகால் லிட்டர், அவ்வளவுதான்.

டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் இரவுகளில் பம்புக்குள் தண்ணீர் விடாதீர்கள். உலர் பக்கம் அடித்து, அடியில் இருக்கும் வடிகால் திருகைத் திறந்து வடித்துவிடுங்கள். காலையில் பம்பு இறுகியிருந்தால் கைப்பிடியோடு மல்லுக்கட்டாமல், வெதுவெதுப்பான தண்ணீரைப் பம்பின் மேல் ஊற்றிப் பத்து நிமிஷம் பொறுங்கள். கொதிநீர் கூடாது, பிளாஸ்டிக் உடல் விரிசல் விடும்.