கிழமைக்கு ஒன்று என்று தொடங்கி, இடையில் விட்டவர்கள் வாருங்கள்

கொக்குவில் சைக்கிள்

எல்லாரும் ஒருக்காவாவது செய்திருப்பீர்கள். ஞாயிறு இது, புதன் அது, கிழமைக்கு ஒரு பதிவு என்று இணையத்தில் பெரிதாக அறிவித்துவிட்டு மூன்றாம் மாதம் ஓடி ஒளிவது. என்னுடையது 'ஞாயிறுச் சொல்'. எங்கள் வீடுகளில் புழங்குகிற, கப்பலில் வந்திறங்கிய சொல் ஒன்று, அதன் கதை பத்து வரியில். கதிரை, சப்பாத்து, அலுமாரி, அலவாங்கு, லாச்சி, கந்தோர் என்று போர்த்துக்கீசர் விட்டுவிட்டுப் போனதை வைத்துப் பதினாறு கிழமை ஓட்டினேன். பதினேழாம் ஞாயிறு கலியாண வீடு. பதினெட்டாம் ஞாயிறு வெட்கம். அதோடு சரி.

போன மாதம் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நிற்கிறேன். வேட்டி கட்டிய ஐயா ஒருவர் பக்கத்தில் வந்து முகத்தை உற்றுப் பார்த்தார். "தம்பி, நீர்தானே அந்தச் சொல் எழுதிற ஆள்?" ஓம் என்றேன். சேர்ட் பொக்கற்றில் இருந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்து விரித்தார். பழைய லைற் பில். அதன் பின்பக்கத்தில் 1 முதல் 16 வரை என்னுடைய சொற்கள், குண்டுக் குண்டான பழைய எழுத்தில். பேத்தி ஞாயிறு பின்னேரம் போனில் வாசித்துக் காட்டுவாளாம், இவர் எழுதி வைப்பாராம். 12க்கு நேரே சிவப்பு மையில் 'மறுபடியும் அலவாங்கு, ஏன்?' என்று இருந்தது. ஐந்தாம் கிழமை எழுதினதை மறந்து திரும்பவும் எழுதியிருக்கிறேன், எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். 17 என்று இலக்கம் போட்டு, பக்கத்தில் ஒன்றும் இல்லை.

"பதினேழு எங்கை?" என்று கேட்டார். நான் கத்தரிக்காயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த வெறும் இலக்கம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. உங்களுக்கும் இப்படி ஏதும் நடந்ததா?

வெள்ளி மரக்கறி

எனக்கு நடந்தது வேறு மாதிரி. வெள்ளிக்கிழமை எங்கள் பக்கம் மரக்கறிதானே, அதனால் ஒவ்வொரு வெள்ளியும் விடிய ஆறு மணிக்கு ஒரு மரக்கறிச் சமையல் என்று ஒழுங்கு வைத்தேன். உலை வைக்க முதல் ஆட்கள் பார்க்க வேண்டும் என்பதுதான் எண்ணம். வியாழன் இரவே எழுதி, தானாக வெளியாகும்படி நேரம் குறித்துவிட்டுப் படுத்துவிடுவேன். வெள்ளி முழுக்கப் பள்ளிக்கூடம், கோயில். திரும்பிப் பார்ப்பதே இல்லை.

எட்டுக் கிழமை போன பிறகு ரொறன்ரோவில் இருக்கிற மச்சாள் எடுத்தா. "உன்ரை சமையல் எங்களுக்கு விடிய ஒன்பது மணிக்குச் சரியா வருது, நல்ல வசதி." எனக்கு விளங்கவில்லை. கைவிரலில் கணக்குப் பார்த்தேன். அங்கே விடிய ஒன்பது என்றால் இங்கே இரவு ஏழரை! நான் நேர வலயத்தை மாற்றவே இல்லை, அது அமெரிக்காவின் மேற்குக் கரை நேரத்திலேயே கிடந்திருக்கிறது. முருங்கையிலை வறை, வாழைப்பூச் சம்பல், கத்தரிக்காய்ப் பால்கறி எல்லாம் ஊரே சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான் வந்திருக்கிறது. எட்டுக் கிழமையாக ஒரு குஞ்சுகூட எனக்குச் சொல்லவில்லை என்பதுதான் இன்னும் உறுத்துகிறது. இங்கே யாரும் பார்க்கவில்லை என்றுதானே அர்த்தம்.

மாற்றுவோம் என்று போனேன். மச்சாள் விடவில்லை. அப்படியே கிடக்கிறது. மார்ச்சில் திடீரென்று ஆறரைக்கு வரத் தொடங்கியது, அங்கே மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளிவிட்டார்களாம்.

கண்டிப்பான வாசகன்

கொக்குவில் தம்பிக்கு முதலில் ஒரு திருத்தம். லாச்சியும் கந்தோரும் போர்த்துக்கீசர் தந்ததல்ல, ஒல்லாந்தர் தந்தவை. கந்தோர் 'கன்ரோர்' என்ற டச்சுச் சொல். அந்த ஐயா இதற்கும் சிவப்பு மை போட்டிருப்பார், நீங்கள் கவனிக்கவில்லை.

என் கதை சின்னது. திங்கட்கிழமைக் குறள் என்று தொடங்கினேன், ஆறாம் திங்கள் டெங்கு, நிறுத்தினேன். யாரும் கேட்கவில்லை.

ஆனால் சில விசயம் சொல்ல வேண்டும். அறிவிக்க முதல் நாலைந்து எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மழை, காய்ச்சல், செத்தவீடு எதுவும் கேட்டுக்கொண்டு வராது. இரண்டாவது, இலக்கம் போடாதீர்கள். இலக்கம் போட்டதால்தானே ஐயாவின் தாளில் 17 வெறுமையாக நிற்கிறது? தலைப்பு மட்டும் போட்டிருந்தால் அவர் பதினாறோடு திருப்திப்பட்டிருப்பார். மூன்றாவது, ஞாயிறைத் தொடாதீர்கள். கலியாணம், பூப்புனித நீராட்டு என்று ஏதாவது அடிக்கடி ஞாயிறில் விழும். செவ்வாய் நல்லது, செவ்வாயில் யாரும் நல்ல காரியம் வைப்பதில்லை. நான்காவது, நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழாவுக்குக் கொடியேறினால் இருபத்தைந்து நாளைக்கு யாரும் எதையும் வாசிக்கப் போவதில்லை, அந்த மாதத்தை முன்கூட்டியே விடுமுறை என்று சொல்லிவிடுங்கள். ஐந்தாவது, ஏன் கிழமைக்கு ஒன்று? எழுத்தாளர் டொமினிக் ஜீவா 1966இல் மல்லிகை இலக்கிய இதழைத் தொடங்கி 2012 வரை கொண்டுபோனார், தானே சைக்கிளில் கொண்டு திரிந்து விற்றார். அது மாத இதழ். அச்சகம் வைத்திருந்த மிசனறிமார் 1841இல் உதயதாரகைப் பத்திரிகையை மாதம் இரண்டு தரம்தான் விட்டார்கள். நீங்கள் மட்டும் தனி ஆளாகக் கிழமைக்கு ஒன்று என்று நிற்கிறீர்கள்.

புதன்காரி

நான் போட்டது 'புதன் நினைவுகள்'. பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றும் நாலு வரியும். ஒரு புதன் பெரியம்மாவின் இருபது வயதுப் படத்தைப் போட்டேன், அரைத் தாவணி, பின்னால் கிணற்றுக் கட்டு. மேலே 'நினைவுகள்' என்று தலைப்பு.

மத்தியானம் லண்டனில் இருந்து முதல் அழைப்பு பெரியம்மாவுக்கே போயிருக்கிறது. எடுத்தவர் அழுதுகொண்டு, "எப்ப நடந்தது?" என்று கேட்டாராம். "எது?" என்றாவாம் பெரியம்மா. பிறகு பாரிஸ். பின்னேரம் முற்றத்துக்கு வந்து என்னைக் கூப்பிட்டா. "பிள்ளை, நான் செத்தா நீ போடப்போற படம் இதுவோ?" எனக்கு வாய் திறக்க முடியவில்லை. "இது வேண்டாம். அந்தப் பச்சைச் சீலைப் படத்தைப் போடு."

தலைப்பை அன்றைக்கே மாற்றினேன். ஆனால் அதற்குப் பிறகு யாருடைய படத்தை எடுத்தாலும் கை கூசியது, நின்றுபோனது.

வாசிகசாலைக் கிழவன்

நீங்கள் எல்லாம் போனை வைத்துக்கொண்டு கிழமைக்கு ஒன்று கஷ்டம் என்கிறீர்கள். 1991இல் எங்கள் வாசிகசாலைச் சுவரில் 'சனிக் கேள்வி' ஒட்டினோம். கரண்ட் இல்லை. பத்திரிகையே சில நாள் கோடு போட்ட கொப்பித் தாளில் வந்த காலம். ஜாம் போத்தல் விளக்கில் நான்தான் எழுதுவேன். ஒட்டுவதற்குப் பசை வேண்டும். கோதுமை மா கிடைப்பதே அருமை, ஒரு கரண்டி களவெடுத்துக் கிண்டினதற்கு அம்மா அகப்பைக் காம்பால் போட்டா. ஒட்டின தாளைக் காலையில் பார்த்தால் ஆடு தின்றுவிட்டுப் போயிருந்தது. மாப் பசை என்றால் ஆட்டுக்கு விருந்து. கேள்வியும் இல்லை, பசையும் இல்லை. அடுத்த கிழமையில் இருந்து முருங்கைப் பிசின், ஆடு மணந்து பார்த்துவிட்டுப் போய்விடும்.

இதில் மறக்காதது என்னவென்றால், ஆடு தின்ற கிழமையும் மூன்று பேர் பதில் எழுதிக்கொண்டு வந்தார்கள். கேள்வி என்ன என்று ஒருவருக்கும் தெரியாது. சும்மா ஊகித்து எழுதினார்களாம். ஒருவர் 'ஆபிரகாம் லிங்கன்' என்று எழுதியிருந்தார். அன்றைக்கு நான் கேட்டது பனங்கட்டி பற்றி.

கண்டிப்பானவருக்கு: செவ்வாயில் வாசிகசாலைக்கும் ஆள் வராது ஐயா.

கண்டிப்பான வாசகன்

வாசிகசாலைக்குச் செவ்வாயில் ஆள் வராதது அந்தக் காலம். இப்போது எந்த நாளும் வருவதில்லை.

கொக்குவில் சைக்கிள்

நான் அறிவுரை கேட்கவில்லை, நடந்ததைத்தான் கேட்டேன். ஆனால் கந்தோர் விசயம் சரி, பார்த்தேன், டச்சுதான். ஐயா அதை எப்படி விட்டார் என்று இப்போது யோசிக்கிறேன். ஒருவேளை பார்த்தும் சொல்லாமல் விட்டிருப்பார்.

இலக்கம் போடாதே என்றதை மட்டும் ஏற்க முடியாது. இலக்கம் இல்லாவிட்டால் அவர் என்னைச் சந்தையில் மறித்துக் கேட்டிருக்கவே மாட்டாரே.

வருகிற ஞாயிறு பதினேழை எழுதலாம் என்று இருக்கிறேன். என்ன சொல் என்றுதான் அகப்படவில்லை.

வெள்ளி மரக்கறி

வங்குரோத்து எடுங்கள் அண்ணை. அதுவும் டச்சுதான். வெளிவிட முதல் நேர வலயத்தையும் ஒருக்கால் பாருங்கோ.